ஐம்பத்தேழு கிலோ

ஜூன் 3, திங்கள்

எங்கள் ஜூடோ கோச் பரமசிவம் சார் ஆளுக்கொரு டைரி கொடுத்தார். ஏதோ உரக்கடையின் போன வருஷத்து டைரி, தேதியை நாமே திருத்திக்கொள்ள வேண்டும். பயிற்சி, சாப்பாடு, தூக்கம், எடை, இந்த நாலையும் எழுத வேண்டுமாம். ஆகஸ்ட் கடைசியில் மாநில போலீஸ் ஜூடோ அணிக்குத் தேர்வு. அதுவரை எழுதி வந்தால் உடம்பில் என்ன நடக்கிறதென்று நமக்கே தெரியும் என்றார். எனக்குத் தெரியாதா? முப்பத்து மூன்று வருஷமாக இதற்குள்தானே குடியிருக்கிறேன்.

சரி, எழுதுகிறேன். பெயர் ஜெசிந்தா. திருச்சி ஆயுதப்படைக் காவலர். ஜூடோவில் ஐம்பத்தேழு கிலோப் பிரிவு. அதற்கு மேல் ஒரு பிடி கூடினாலும் அடுத்தது அறுபத்து மூன்றுதான், அங்கே இருப்பவர்கள் எல்லாம் பீரோ மாதிரி இருப்பார்கள்.

பயிற்சி: காலையில் ஓட்டம். மாலையில் ராண்டோரி. ராண்டோரி என்றால் புள்ளி கிடையாது, யாரும் யாரையும் தூக்கிப் போடலாம் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்கிறேன், சேவியருக்கு இன்னும் புரியவில்லை.

சாப்பாடு: இட்லி, சோறு, சப்பாத்தி.

எடை: 58.2. தேர்வுக்கு முன்னால் ஒரு கிலோ இறக்குவதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தூக்கம்: இன்னும் வரவில்லை. பேச்சி இன்று என்னை இரண்டு தடவை தூக்கிப் போட்டாள்.

ஜூன் 4, செவ்வாய்

மூன்று தடவை.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து நாங்கள் வருவதற்கு முன்பே பேச்சி குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முத்துப்பேச்சி, கோவில்பட்டிக்காரி. நாலு வருஷமாக என் ஜோடி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே எடைப் பிரிவு என்பதால் தினமும் ஒருத்தி போட்டிருக்கும் ஜூடோக் கோட்டை ஒருத்தி பிடித்து இழுத்துக்கொண்டே கிடக்கிறோம். பெண்கள் பேரக்கில் தங்கியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில்.

போன வருஷத் தேர்வில் கடைசிச் சண்டை எங்களுக்குள்தான். நான் ஜெயித்தேன். நடுவர் அவளுக்கு எச்சரிக்கை கொடுத்ததால்தான் ஜெயித்தேன் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அன்றைக்குப் பிறகு மூன்று ஞாயிறு அவள் சாப்பிட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. நாலாவது ஞாயிறு சேவியர் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

இன்று ஆட்டுக்கறி. சேவியர்தான் சமையல். வாரம் முழுக்க டிரைவிங் ஸ்கூலில் கண்டவர்கள் காரை இடிக்காமல் பார்த்துக்கொள்கிறவர், ஞாயிற்றுக்கிழமை அடுப்படியை யாருக்கும் விட்டுத் தரமாட்டார். பேச்சி மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள். மிச்சமிருந்த நல்லி எலும்பைச் சேவியர் எடுத்து அவள் தட்டில் போட்டார். "நல்லாச் சாப்புடும்மா, ஒடம்பு இப்பதான் ஒடம்பா இருக்கு." பத்து வருஷமாக அந்த நல்லி என் தட்டில்தான் விழுந்துகொண்டிருந்தது.

பாத்திரம் கழுவும்போது வாயைக் கிளறினேன். "என்னடி பண்றே? பிடி இரும்பு மாதிரி இருக்கு."

"ஒண்ணும் பெருசா இல்லக்கா. பொன்மலை கிரவுண்டுல பளு தூக்குற நாகரத்தினம் அக்கா இருக்காங்கல்லா, அவங்க சொன்னதச் செய்யுதேன். வாரத்துல மூணு நாளு. தோள்ல கனம் வச்சு உக்காந்து எந்திரிக்கணும், தரையிலருந்து தூக்கணும், பெறவு கம்பியில நம்ம கோட்டத் தொங்கப்போட்டு அதப் புடிச்சு மேல ஏறணும். மத்த நாளு நல்லாத் திங்கணும், தூங்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க்கா."

"எனக்கும் எழுதிக் குடேன்."

அவள் கை அப்படியே குழாயடியில் நின்றது. "இது உங்களுக்கு ஆவாதுக்கா."

ஆகாதாம். வீட்டில் உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, கேட்டால் எனக்கு ஆகாதாம்.

எடை: 58.4. கறிச்சோறு.

ஜூன் 12, புதன்

அவள் சொல்லாவிட்டால் உலகத்தில் வேறு வழியே இல்லையா? யூடியூபில் ஜூடோவுக்கு உடல் வலு என்று தேடினேன். ஒரு தாடிக்காரர் ஓடாதே, ஓடினால் வேகம் போய்விடும் என்கிறார். அடுத்த வீடியோவில் ஒரு மொட்டைத்தலை, ஓடாதவன் ஆட்டக்காரனே இல்லை என்கிறார். மூன்றாவது ஆள் ஒரு டப்பாப் பொடியைக் காட்டி அதைக் குடித்தால் போதும் என்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று பேரையும் சப்ஸ்கிரைப் செய்துவைத்தேன்.

ஜூன் 15, சனி

தில்லைநகரில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். சுவர் முழுக்கக் கண்ணாடி. பயிற்சியாளர் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னைக்கு செஸ்ட்டுக்கா, நாளைக்கு பைசெப்ஸ்" என்றான். ஜூடோவில் ஆளை இழுக்க முதுகும் பிடியும் வேண்டும், தூக்க இடுப்பும் தொடையும் வேண்டும் என்றேன். "அதெல்லாம் தானா வரும்க்கா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் தன் கையை மடக்கிப் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் வலித்த கையோடு ராண்டோரிக்குப் போனேன். பேச்சி ஒரு இழுப்பு இழுத்தாள். தானாக எதுவும் வரவில்லை, நான்தான் தானாகக் கீழே போனேன்.

ஜூன் 21, வெள்ளி

டெலிகிராமில் ஒரு குரூப்பில் ரஷ்யாக்காரர் ஒருவரின் பயிற்சித் திட்டம் கிடைத்தது. நூறு பக்கத்துக்கு மேல் ஓடுகிறது. பாதி புரியவில்லை, புரிந்த பாதியில் பனியில் ஓடச் சொல்கிறார். நான் பொன்னகர் வெயிலில் ஓடினேன்.

இப்போதைய நிலவரம்: காலையில் ரஷ்யாக்காரர், மத்தியானம் ஜிம்முத் தம்பி, சாயங்காலம் சார். ராத்திரி மொட்டைத்தலை சொன்னபடி சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கிறேன். கம்பி ஆட்டம் கண்டுவிட்டது என்று சேவியர் சத்தம் போடுகிறார்.

இடது முழங்கையில் லேசான வலி. எழுதும் அளவுக்கு இல்லை.

ஜூன் 29, சனி

பேச்சி வேறு ஏதோ செய்கிறாள். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் செய்து எவளும் இப்படி ஆக முடியாது. ஓய்வு நாள் என்று சொல்லிவிட்டு ரகசியமாக எங்கேயோ போகிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் பார்த்துவிட வேண்டும், போலீஸ் புத்தி.

இன்று அவளுக்கு ஓய்வு நாள். மத்தியானம் பேரக்குக்குப் போனேன். கையில் சும்மா ஒரு டப்பாவில் மாங்காய் ஊறுகாய். பேச்சி ஃபேனுக்கு நேர் கீழே பாயில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலைந்து முட்டை ஓடு, வாழைப்பழத் தோல்.

மத்தியானத்தில் இப்படித் தூங்குகிறாள் என்றால் விடியக்காலையில் எங்கேயோ போய்ப் பலமாகச் செய்துவிட்டு வந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? ஊறுகாயைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 6, சனி

பொன்மலைக்கே போய்விட்டேன். நாகரத்தினம் அக்காவைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மைதானத்து ஷெட்டில் பெரிய உருவம், சாக்கட்டித் தூள் படிந்த கை. ரயில்வேயில் வேலை. நான் ஜூடோ என்றதும், "பேச்சிக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்று உட்காரச் சொன்னார்.

அவர் முதலில் கேட்ட கேள்வி இது. "நீ எடையும் சேத்து ஏத்தணுமா, இல்ல இருக்கற எடையிலயே பலம் ஏத்தணுமா? ரெண்டும் வேற வேற. சொல்லு, அதுக்குத் தகுந்த மாதிரி சொல்றேன்."

"பேச்சிக்கு என்ன குடுத்தீங்களோ, அதையே குடுங்க."

"அவளுக்குக் குடுத்தது அவ தேவைக்கும்மா."

"எனக்கும் அதே தேவைதான்."

எழுந்து பளுக் கம்பியை எடுத்தார். அப்புறம் ஒவ்வொன்றாகச் செய்துகாட்டி, சாப்பாட்டையும் சொன்னார். பேச்சி அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது சொன்ன அதே மூன்றுதான். காலையில் முட்டை, வேர்க்கடலை, இரண்டு வேளை பால், ராத்திரியும் சோறு. இவ்வளவுதானா என்று இவரிடமும் கேட்டேன். இவரும் இவ்வளவுதான் என்றார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதையோ மறைக்கிறார்கள் என்பது உறுதி. அது என்னவென்று தெரியாததால், தெரிந்ததை இரண்டு மடங்காகச் செய்வது என்று முடிவெடுத்திருக்கிறேன். மூன்று நாள் அல்ல, ஆறு நாள். அவள் மூன்று தட்டு என்றால் நானும் மூன்று தட்டு.

எடை: பார்க்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

சேவியர் எனக்கும் பேச்சிக்கும் மாறி மாறிப் பரிமாறிக் களைத்துப் போனார். "ரெண்டு பேரும் பந்தயமா வச்சிருக்கீங்க?" என்றார். பேச்சி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவ்வளவு சாப்பிட்டா உங்க எடை…"

"என் எடைய நான் பாத்துக்கறேன். நீ உன் தட்டப் பாரு."

அவள் கையைக் கழுவிக்கொண்டாள். நல்லி எலும்பு இன்றும் அவளுக்குத்தான் போனது. கேட்டால் நான் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேனாம்.

எடை: மெஷினில் பேட்டரி இல்லை.

ஜூலை 18, வியாழன்

இன்று ராண்டோரியில் பேச்சியைத் தூக்கிப் போட்டேன். முதுகு முழுசாகப் பாயில் பட்ட சத்தம் மைதானத்து வாசல் வரை கேட்டிருக்கும். அதுதான் இப்பான், நிஜப் போட்டியாக இருந்தால் அதோடு ஆட்டம் முடிந்தது. எழுந்து சிரிக்கிறாள். "சூப்பருக்கா, செம பலம்" என்கிறாள்.

பொறாமைப்படாமல் எப்படி ஒருத்தியால் அதைச் சொல்ல முடியும்? நடிக்கிறாள்.

ஜூலை 22, திங்கள்

சார் என் டைரியைப் புரட்டிப் பார்த்தார். நல்லவேளை, பயிற்சிப் பத்தியை மட்டும் பார்த்தார். "எடை ஏன் காலியா இருக்கு?" என்றார். பேட்டரி என்றேன். ஆபீசில் உள்ள மெஷினில் ஏறச் சொன்னார். யூனிஃபார்ம், ஷூ எல்லாம் போட்டிருக்கிறேன் சார், சரியாக வராது என்று நழுவிவிட்டேன்.

போகும்போது கூப்பிட்டுச் சொன்னார். "அம்பத்தேழுல உனக்கு இந்த வருஷம் பெருசா போட்டியே இல்லம்மா. எடைய மட்டும் சரியா வச்சுக்க, சீட்டு உனக்குத்தான்."

போட்டியே இல்லையாம். பேச்சி என்னைப் பந்தாடுவதை நேரில் பார்க்கிற மனுஷன் இப்படிப் பேசினால் அது குத்தல்தானே? இந்தத் தடவை அணியில் பெயர் வராவிட்டால் என்னை விளையாட்டுப் பிரிவிலிருந்து எடுத்துப் பொதுப் பணிக்குப் போட்டுவிடுவார்கள் என்று ஜாடையாகச் சொன்னவரும் இவர்தான். அடுத்த வருஷம் முப்பத்து நாலு வயதில் என்னை எவன் திரும்பிப் பார்க்கப் போகிறான்? இதுதான் எனக்குக் கடைசி வண்டி, அதில் என் சீட்டில் பேச்சி துண்டு போட்டிருக்கிறாள்.

தூக்கம்: இல்லை. முழங்கை வலி கூடியிருக்கிறது. எண்ணெய் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வீட்டில் விருந்தாளி வருகிறார்கள் என்று பேச்சிக்குக் காலையிலேயே மெசேஜ் போட்டுவிட்டேன். யாரும் வரவில்லை. நானும் சேவியரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்லி என் தட்டில் விழுந்தது. கறி வேகவில்லை என்று சண்டை போட்டேன். நன்றாகத்தான் வெந்திருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தின அணிவகுப்பு. இன்றே மாதா விண்ணேற்புத் திருநாளும். பூசைக்குப் போக முடியவில்லை. காக்கிச் சட்டையில் நடு பட்டன் தெறித்துப் பக்கத்தில் நின்ற ஏட்டம்மா காலடியில் விழுந்தது. டோபி சட்டையைச் சுருக்கிவிட்டான். வெயிலில் தலை சுற்றியது. அசையாமல் நின்றேன்.

பேச்சியின் காக்கியும் இறுக்கமாகத்தான் இருந்தது. அவளுக்கும் அதே டோபிதான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எடை: பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டேன். 61.1.

மெஷினைச் சமையல்கட்டிலும் வைத்துப் பார்த்தேன், குளியலறையிலும் வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே 61.1. சேவியரை ஏறச் சொன்னேன், அவருக்குச் சரியாகத்தான் காட்டுகிறது.

பத்து நாள் இருக்கிறது. முடியும். பேச்சியும் என்னளவுக்குத்தானே சாப்பிட்டாள், அவளும் இறக்கித்தானே ஆக வேண்டும்? அவளால் முடியும் என்றால் என்னாலும் முடியும்.

ஆகஸ்ட் 24, சனி

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தஞ்சாவூர் ரோட்டில் பந்தோபஸ்து. காவி உடுத்திக் கும்பல் கும்பலாக நடக்கிறார்கள், வழியெல்லாம் மோர், பழம், சுண்டல் என்று ஜனங்கள் நீட்டுகிறார்கள். எனக்கும் நீட்டினார்கள். நான் காலையிலிருந்து ஒரு கொய்யாக்காய் மட்டும் சாப்பிட்டிருந்தேன். ஒரு பாட்டி சுண்டல் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அதைப் பக்கத்தில் நின்றவளுக்குக் கொடுத்துவிட்டு, அவள் தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடை: 59.3.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

58.3. ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட் போட்டு மைதானத்தைச் சுற்றினேன். வாயில் எச்சில் ஊறவில்லை. சேவியர் தம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "ஜெசி, உனக்குப் பிடிச்சிருக்கா பைத்தியம்? கண்ணு குழி விழுந்து கிடக்கு. அந்தப் பொண்ணு ஒரு வார்த்த தப்பாப் பேசினது கிடையாது, அவகிட்ட உனக்கு என்ன?"

தண்ணீரைத் தட்டிவிட்டேன். தரை நனைந்தது. அந்தத் தரையைப் பார்த்தால் கூடத் தாகமாக இருந்தது.

ராத்திரி பஸ்ஸில் சென்னை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நேற்று நடந்ததை எல்லாம் இன்றுதான் எழுத முடிகிறது.

உள்ளரங்கத்தின் பின்பக்க அறையில் பெண்களுக்கு எடை பார்த்தார்கள். பெண் எஸ்.ஐ. ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளாடையோடு ஏறினேன். 57.7. ஒரு மணி நேரம் கொடுத்தார், அதற்குள் இறக்கிவிட்டு வரலாம்.

ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் ஓட ஆரம்பித்தேன். வேர்வையே வரவில்லை. காய்ந்த துணியைப் பிழிந்தால் என்ன வரும்? இரண்டாவது சுற்றில் பக்கத்தில் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. பேச்சி.

"நிக்காதீங்க. மூச்ச விட்டு விட்டு ஓடுங்க. நான் கூட வாரேன்."

"நீ எடை பாத்தாச்சா?"

"ஆச்சுக்கா."

"இறங்கிருச்சா?"

அவள் சூயிங்கம் ஒன்றைப் பிரித்து என் வாயில் போட்டாள், எச்சில் ஊறினால் துப்பிக்கொண்டே ஓடச் சொன்னாள். ஓடினோம். கால் பின்னியபோது அவள் தோளைக் கொடுத்தாள். அந்தத் தோளின் கனத்தைப் பிடிக்கும்போது அந்த நிலையிலும் எனக்கு வயிறு எரிந்தது.

திரும்ப ஏறினேன். 57.3. இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. பேச்சி என் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி.

"அக்கா, முடி."

முதலுதவிப் பெட்டியில் பேண்டேஜ் வெட்டும் கத்தரி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் பின்னால் நின்றாள். மழுங்கிய கத்தரி, கயிற்றை அறுப்பது போல அறுக்க வேண்டியிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீ ஏன்டி அழுவுற? நான் இறங்கலைன்னா உனக்குத்தானே நல்லது, சீட்டு உனக்குத்தானே."

கத்தரி நின்றது.

"நான் அம்பத்தேழுல இல்லக்கா. அறுபத்து மூணுக்குப் பேர் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு."

எனக்கு எதுவும் புரியவில்லை. அவளே சொன்னாள். "போன வருசம் உங்க கூட மோதிட்டு மூணு வாரம் உங்க வீட்டுப் பக்கம் வர முடியாமக் கெடந்தேன். ஜெயிச்சாலும் வர முடியாது, தோத்தாலும் வர முடியாதுன்னா எனக்கு அந்தச் சண்டையே வேண்டாம்னு தோணிட்டு. அதான் எடைய ஏத்தி மேல போயிரலாம்னு நாகரத்தினம் அக்காகிட்ட போனேன். சார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நாந்தான் சொன்னேன். சொன்னா நீங்க விடுவீங்களா? எவளும் எனக்கு விட்டுக்குடுக்க வேண்டாம்னு சண்டைக்கு வருவீங்க. உங்களுக்கு ஆவாதுன்னு மட்டும் சொன்னேன். நீங்க கேக்கல."

பின்னல் அவள் கையோடு போனது. கழுத்துக்குப் பின்னால் காற்றுப் பட்டது.

நியாயமாக அப்போது எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னைத் தோற்கடிக்க இவள் பலம் ஏற்றுகிறாள் என்று மூன்று மாதம் நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன், இவளோ என்னை விட்டு விலகிப் போவதற்குப் பலம் ஏற்றியிருக்கிறாள். அந்த விலகிப் போகிற வழியை இரண்டு மடங்காகக் கேட்டு வாங்கி, அவளுக்குப் பின்னாலேயே நானும் போயிருக்கிறேன்.

மூன்றாவது தடவை ஏறினேன். 57.1. பெண் எஸ்.ஐ. கடிகாரத்தைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், பேனாவை மூடிவிட்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அதை வைத்து நூறு கிராம் குறைக்க முடியாதே.

பரமசிவம் சார் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அறுபத்து மூணுல போடவா? ஆள் கம்மிதான். ஆனா பேச்சி அங்க இருக்கா."

பேச்சி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், கையில் என் பின்னல். வேண்டாம் சார் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்காக ஒருத்தி தன் பிரிவையே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அவள் போன இடத்துக்கும் துரத்திக்கொண்டு போக வேண்டாம் என்று மனசு சொன்னது. கடைசி வண்டி என்றும் மனசு சொன்னது.

"போடுங்க சார்" என்றேன்.

பேச்சி பின்னலைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துவிட்டு, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். குடித்தேன்.

முதல் சுற்றில் ஒரு வேலூர்க்காரியை எப்படியோ சமாளித்தேன். அடுத்து நாங்கள் இரண்டு பேரும். நடுவர் கூப்பிட்டார். குனிந்து வணங்கினோம். அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். இந்தத் தடவையும் விட்டுக்கொடுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எழுதுகிறபோது எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் அதுதான் பயமாக இருந்தது.

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. என் கோட்டுக் கழுத்தைப் பிடித்தாள், கையைப் பிடித்தாள், ஒரு அடி உள்ளே வந்தாள். அந்த மூன்று பயிற்சியும் அந்த ஒரு அடியில் இருந்தது. நான் காற்றில் போனதும் தெரிந்தது, மேலே விளக்குகள் தலைகீழாக வந்ததும் தெரிந்தது. இப்பான்.

ஆனால் விழும்போது என் கையை அவள் விடவில்லை. தலை தரையில் அடிக்காமல் கடைசி நொடியில் மேலே இழுத்துப் பிடித்தாள். பயிற்சியில் எல்லோரும் அப்படிப் பிடிப்போம், அது வழக்கம். அணித் தேர்வில் யாரும் பிடிப்பதில்லை, நானும் போன வருஷம் பிடிக்கவில்லை.

அறுபத்து மூன்றில் பேச்சி. ஐம்பத்தேழு கிலோச் சீட்டு ஒரு சேலத்துப் பெண்ணுக்குப் போனது. அவளை நான் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போட்டிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்தும் எரிந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 31, சனி

சேவியர் தலையைப் பார்த்துவிட்டுக் கத்தரி எடுத்து வந்து ஓரங்களைச் சமமாக வெட்டிவிட்டார். பொறுமையாகத்தான் வெட்டினார், ஆனாலும் ஒரு பக்கம் கோணல்.

சார் போன் செய்தார். பொதுப் பணி ஆர்டர் வரும் என்றுதான் எடுத்தேன். "பேச்சிக்கு ரெண்டு மாசம் முகாம். அவ எடைக்கும் பலத்துக்கும் பிடி குடுக்க உன்ன விட்டா நம்மகிட்ட ஆள் இல்ல. முகாமுக்குப் பயிற்சி ஜோடியா உன் பேரை எழுதட்டுமா? முகாம் முடிஞ்சதும் பொதுப் பணிதான், அத மாத்த என்னால முடியாது. யோசிச்சு திங்கக்கிழமை சொல்லு."

தினமும் அவள் தூக்கிப் போட, தினமும் நான் விழ வேண்டும். ஜெயிக்கிறவள் அவள். யோசிக்கிறேன் சார் என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பேச்சி வரவில்லை. மூன்று வாரம் வரமாட்டாள், எனக்குத் தெரியும். கறி கொதித்துக்கொண்டிருந்தது. சேவியர் என்னையே பார்த்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு பேரக்குக்குப் போனேன்.

பாயில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"கறி எடுத்திருக்கு. வா."

"எடை பாக்கணும்லாக்கா. முகாம் இருக்கு."

"உன் எடைய இனி நான் பாத்துக்கறேன். கிளம்பு."

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வண்டி பின்பக்கம் தாழ்ந்தது. காந்தி மார்க்கெட் சிக்னலில் நின்றபோது கேட்டேன். "இப்பவாவது உண்மையச் சொல்லு. அந்த மூணு போக வேற என்னடி செஞ்ச?"

"சத்தியமா அவ்வளவுதாங்க்கா. தூங்குனேன்."

எனக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. நாளைக்குச் சாரிடம் வருகிறேன் என்று சொல்லப் போகிறேன். இரண்டு மாதம் கூடவே இருந்தால் தெரிந்துவிடும்.

சாப்பாட்டில் நல்லி எலும்பைச் சேவியர் கரண்டியில் எடுத்தார். யார் தட்டில் போடுவதென்று தெரியாமல் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். கரண்டியை அவர் கையிலிருந்து நான் வாங்கி, பேச்சி தட்டில் போட்டேன். போடும்போது வயிறு நன்றாகவே எரிந்தது.

எடை: 59.4. செருப்பில்லாமல், சரியான மெஷினில்.